யாழும் அதை மீட்டிய மகளிரும்



பல ஆண்டுகளுக்கு முன் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் உள்ள ஒரு பள்ளியில் பத்துப்பாட்டைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மலைபடுகடாம் என்னும் பாட்டில் கூத்தரும் பாணரும் விறலியரும் மலைவழியே நடந்து வரும் காட்சியை விளக்கினேன். கல்லில் பட்டு வருந்திய விறலியரின் சிற்றடிகளுக்குக் களைத்த நாயின் நாவைப் புலவர் உவமையாக்கியிருப்பதைச் சொன்னபோது வகுப்பு முழுவதும் சிரித்தது. மலைமேல் உள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து இறங்கி வந்து படித்த ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. மலைப்பாதையில் வெறுங்காலோடு நடப்பது இன்னதென்று அவளுக்குத் தெரியும். அவள் எழுந்து, “ஐயா, அந்தப் பெண்கள் யாழ் வாசிப்பார்களா? இல்லை, ஆடுவதும் பாடுவதும் மட்டுந்தானா?” என்று கேட்டாள்.

மணி அடிக்கச் சில நிமிடங்களே இருந்தன. “யாழ் பாணனுக்கு உரியது, விறலி ஆடுவாள், பாடுவாள். உட்கார் அம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டேன். விடை உறுதியாகத் தெரியாத வினாவுக்கு, நாளை பார்த்துச் சொல்கிறேன் என்று கூறவேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதற் பாடங்களுள் ஒன்று. அன்று நான் அதைச் செய்யவில்லை. நான் சொன்ன விடையும் சரியன்று. அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் யாழ் இன்னதென்று தெளிவுபடுத்திக்கொள்வோம். யாழும் வீணையும் ஒன்றே என்று எண்ணுவோர் உண்டு. அது பிழை. வீணையின் தண்டியில் மெட்டுகள் இருக்கின்றன. ஒரே தந்தியை வெவ்வேறு மெட்டுகளில் அழுத்தினால் வெவ்வேறு சுரங்கள் பிறக்கும். அழுத்தியபடியே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் வளையும், அசையும், நெளியும். யாழிலோ மெட்டு என்பதே கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம், அவ்வளவுதான். நீண்ட நரம்பு தாழ்ந்த ஒலியையும் குறுகிய நரம்பு உயர்ந்த ஒலியையும் தரும். வேடனின் வில்லில் நாண் அதிரும் ஓசையே யாழுக்குத் தாய் என்பர். பெரும்பாணாற்றுப்படையில் வருகின்ற இடையன் ஒருவன், உள்ளே துளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து குறிஞ்சிப்பண் வாசிக்கிறான். காட்டில் கிடைத்ததைக்கொண்டு ஒரு பிற்பகலில் செய்துவிடக்கூடிய கருவி அது.

பாணர் கையில் இருந்த யாழ் அதைவிட நுட்பமானது. பொருநராற்றுப்படை அதை உறுப்பு உறுப்பாகக் காட்டுகிறது. அடியில் உள்ள பத்தர் மானின் குளம்பு பதிந்த தடம்போல நடுவே பிளந்து இருபுறமும் தாழ்ந்திருக்கும். அதன்மேல் தோல் போர்த்தியிருக்கும். துளைகளை அடைத்த ஆணிகள், வளைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் நண்டின் கண்களை ஒத்திருக்கும். வறுவாய் எட்டாம் நாள் நிலவின் வடிவு. மேலே எழும் கோடு, தலை தூக்கிய பாம்பு. அக்கோட்டில் நரம்புகளை இறுக்கிப் பிடிக்கும் வார்க்கட்டுக்குத் திவவு என்று பெயர். கரிய நிறப் பெண்ணொருத்தியின் முன்கையில் அடுக்கிய வளைகளைப்போல அவை தோன்றுமாம். உவமைகளைப் படிக்கும்போது, ஒருவர் கருவியை மடியில் வைத்துக்கொண்டு, மேலும் கீழும் தடவிப் பார்த்துப் பாடியதாகவே தோன்றுகிறது.

நரம்புகளின் தொகை யாழுக்கு யாழ் வேறுபடும். பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்பது உரையாசிரியர் வழக்கு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பவை ஏழு சுரங்களின் தமிழ்ப் பெயர்கள். குரலை முதலாக வைத்து வாசித்தால் ஒரு பாலை. அதே நரம்புகளில் இளியை முதலாக வைத்துக்கொண்டால் இடைவெளிகள் மாறி வேறொரு பாலை பிறக்கும். நரம்பைத் தொடாமல், தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றிப் புதிய இசையைப் பெறும் இந்த முறையில் ஒரு கணக்கு இருக்கிறது. உங்களுள் கணிதம் விரும்புவோர் ஏழு கோடுகளைப் போட்டு முயன்று பாருங்கள்.

இக்கணக்கை ஆடவர் மட்டுமே அறிந்திருந்தனரா? சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை என்றொரு பகுதி உண்டு. மதுரைப் புறஞ்சேரியில், தீய நிமித்தங்களைக் கண்டு அஞ்சிய மாதரி என்னும் இடைக்குல மூதாட்டி, ஏழு கன்னியரை வட்டமாக நிறுத்துகிறாள். அவர்களுக்கு இடமுறையாகக் குரல், துத்தம் என ஏழு சுரங்களின் பெயரை இடுகிறாள். பிறகு ஆட்டம் தொடங்குகிறது. மோர் விற்று வாழ்ந்த பெண்கள் தாமே நரம்புகளாகி நிற்கிறார்கள். ஏழு சுரம் நிற்கும் முறை அந்தத் தெருவுக்குத் தெரிந்திராவிட்டால் இளங்கோவடிகள் அதை அவர்கள்மேல் ஏற்றிப் பாடியிருக்க மாட்டார்.

அதே காப்பியத்தில் கானல்வரியைப் பாருங்கள். புகார்க் கடற்கரையில் வசந்தமாலை கையிலிருந்து மாதவி யாழை வாங்குகிறாள். வாங்கியவுடன் வாசிக்கவில்லை. பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு என்னும் எட்டு வகையாலும் நரம்பைச் சோதித்து, சுருதி சேர்த்து, அதன்பின்பே கோவலனிடம் நீட்டுகிறாள். அவன் வாசித்துப் பாடுகிறான். பிறகு அவள் வாங்கி வாசித்துப் பாடுகிறாள். அவன் பாட்டில் வேறொருத்தியை நினைக்கிறான் என்று அவளும், அவள் பாட்டில் வேறொருவனை நினைக்கிறாள் என்று அவனும் கொள்ள, இருவரும் பிரிகின்றனர். இதை ஊடற்கதையாகவே நாம் படித்துவிடுகிறோம். சுருதி சேர்த்த கை யாருடையது என்பதை நானும் நெடுநாள் கவனித்ததில்லை.

சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தை இன்னும் ஒரு படி மேலே போகிறாள். தன்னை யாழில் வெல்பவனையே மணப்பேன் என்கிறாள். அரசிளங்குமரர் பலர் தோற்கின்றனர். சீவகன் வருகிறான், கொடுத்த யாழ்களைக் கையிலெடுத்து, இது நீரில் ஊறி அழுகிய மரம், இது இடி விழுந்த மரம் என ஒவ்வொன்றாகக் கழிக்கிறான். நரம்பின் முறுக்கை அவிழ்த்து உள்ளே கிடந்த மயிரையும் எடுத்துக் காட்டுகிறான். அவன் வென்றது காப்பியத்துக்குத் தேவை. எனினும் அந்த நாட்டில் அவனைத் தவிர வேறு யாராலும் வெல்ல முடியாதவளாக அவள் இருந்தாள் என்பதும் அதே காப்பியம் சொல்வதுதான்.

காப்பியத்தில் வருபவர்கள் கற்பனை மாந்தர் என்று நீங்கள் கூறலாம். சரி, நம் பக்கத்து ஊருக்கே வருவோம். கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுத்தாறு, கோமுகியின் நீரையும் சேர்த்துக்கொண்டு கிழக்கே ஓடி, விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றில் கலக்கிறது. விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையில் இராஜேந்திரப்பட்டினம் என்றோர் ஊர் இருக்கிறது. அதன் பழம்பெயர் திருஎருக்கத்தம்புலியூர். எருக்கு அங்கே தல மரம். திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊரும் அதுவே.

7ஆம் நூற்றாண்டில் அப்பாணர் தம் மனைவி மதங்கசூளாமணியாருடன் சீகாழிக்கு வந்து சம்பந்தரைச் சேர்ந்தார். பிள்ளையார் பதிகம் பாட, பாணர் அதை யாழில் இட்டு வாசிப்பார். மதங்கசூளாமணியாரும் உடன் இசைப்பார். ஊர் ஊராக நடந்த அந்தப் பயணத்தில் இறுதிவரை, நல்லூர்ப் பெருமணத்தில் சோதியுள் புகும்வரை, அந்த அம்மையாரும் உடன் சென்றதாகச் சேக்கிழார் சொல்கிறார். அறுபத்துமூவர் வரிசையில் பாணருக்கு இடம் உண்டு. அம்மையாருக்குத் தனி இடம் இல்லை.

இவ்வூரைப் பற்றிய இன்னொரு செய்தியே எனக்குப் பெரிதாகப்படுகிறது. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் திருமுறைகண்ட புராணம் அதைக் கூறுகிறது. தில்லையில் பூட்டிக் கிடந்த அறையில் தேவார ஏடுகள் கிடைத்தன. கறையான் தின்றது போக எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். சொல் கிடைத்துவிட்டது, பண் எங்கே? ஏட்டில் பண்ணின் பெயர் இருக்கலாம், அது பாடும் விதம் இராது. அரசனும் நம்பியும் எருக்கத்தம்புலியூருக்குச் சென்று இறைவனை வேண்ட, பாணர் மரபில் வந்த ஒரு பெண் அங்கே இருப்பதாகத் தெரியவந்தது. அவளைத் தில்லைக்கு அழைத்துவந்தனர். அவள் ஒவ்வொரு பதிகத்துக்கும் பண்ணை வகுத்துப் பாடிக் காட்டினாள்.

இதை எழுத்துக்கு எழுத்து வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. முதலாம் இராசராசனுக்கு முன்னரே கோயில்களில் திருப்பதிகம் பாடப்பட்டதற்குக் கல்வெட்டுகள் உண்டு. ஆகவே பண் முற்றிலும் மறைந்துபோயிருந்தது என்பது புராணத்தின் மிகையாக இருக்கலாம். ஆனால் புராணம் எழுதியவர், இசையைத் தேடி எங்கே போனதாக எழுதுகிறார் என்பதைக் கவனியுங்கள். அரண்மனைக்கு அன்று, மடத்துக்கு அன்று. யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு. அப்படி எழுதினால் மக்கள் நம்புவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் அவர் எழுதவில்லை.

இதே இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் 1014ஆம் ஆண்டையொட்டி வெட்டுவித்த கல்வெட்டு ஒன்றில், தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் பட்டியலிடப்பட்டுள்ளனர். ஒவ்வொருத்தியின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் கல்லில் இருக்கின்றன. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். நெல் அளக்கும் கணக்கில் பெண்ணின் பெயர் ஒன்றுகூட விடுபடவில்லை!

இனி, யாழ் ஏன் மறைந்தது? அதற்கான ஒரு குறிப்பு சம்பந்தர் வரலாற்றிலேயே கிடைக்கிறது. தருமபுரம் பாணருடைய தாயார் பிறந்த ஊர். அங்கிருந்த உறவினர், பதிகங்கள் பரவுவதற்குப் பாணரின் யாழே காரணம் என்று பேசினர். பாணர் மனம் நொந்து, யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடியருள வேண்டினார். பிள்ளையார் பாடினார். பாணரின் விரல் தடுமாறியது. அவர் யாழை உடைக்க ஓங்கினார், பிள்ளையார் தடுத்தார். அப்பதிகத்துக்கு யாழ்முரி என்று பெயர். ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்று முன்னே சொன்னேன் அல்லவா? குரல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு நெளிந்து போகும். நிலைத்த நரம்புகளால் அந்த நெளிவைப் பின்தொடர முடியாது. மிடற்றிசை வளர வளர, யாழ் பின்தங்கியது. மெட்டில் தந்தியை இழுத்துக் குரலைப்போல வளைக்கத் தெரிந்த வீணை அந்த இடத்தைப் பிடித்தது. இதுவே முழுக் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் கருவியின் அமைப்பைக் கையால் தொட்டு எண்ணுபவர்க்கு இது எளிதில் விளங்கும்.

மறைந்த கருவி நமக்கு மட்டும் உரிய துயரம் அன்று. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் லூட் என்னும் நரம்புக் கருவி வீட்டுக்கு வீடு விரும்பப்பட்டது. அரசியே அதை மீட்டும் கோலத்தில் நிக்கலஸ் ஹில்லியார்ட் என்னும் ஓவியர் தீட்டிய சிற்றோவியம் ஒன்று உண்டு. லூட், வீணையின் இனத்தைச் சேர்ந்தது. பாதியாக அறுத்த பேரிக்காய் போன்ற உடல், கழுத்தில் குடல்நரம்பால் கட்டிய மெட்டுகள். அரபியரின் ஊத் என்னும் கருவியிலிருந்து அது ஐரோப்பாவுக்கு வந்தது. ஜான் டவ்லாண்ட் என்னும் பெரும் இசைவாணர் 1597இல் தம் முதற் பாடல் நூலை வெளியிட்டார். லூட் 18ஆம் நூற்றாண்டில் வழக்கொழிந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்னால்ட் டால்மெட்ஷ் என்பவர் அதைத் திரும்பச் செய்து வாசிக்கத் தொடங்கினார். இன்று டவ்லாண்டின் இசையை எவரும் கேட்கலாம்.

எப்படி முடிந்தது? அவர்களிடம் கைக்குறிப்பு இருந்தது. ஆறு கோடுகள் வரைவார்கள். ஒரு கோடு ஒரு தந்திக்கு. கோட்டின்மேல் ‘ஏ’ என்று எழுதினால் தந்தியைத் திறந்தபடி மீட்டு. ‘பி’ என்றால் முதல் மெட்டு. ‘சி’ என்றால் இரண்டாம் மெட்டு. காலஅளவுக்கு மேலே குறிகள். இசை இலக்கணம் அறியாதவரும் விரலை எங்கே வைப்பது என்று அறிந்துகொள்ளலாம். இக்குறிப்புகளை எழுதிவைத்தவர்களில் பெண்கள் பலர். ஜேன் பிக்கரிங் என்னும் பெண் தன் பாடக் குறிப்பேட்டில் தன் பெயரையும் 1616 என்னும் ஆண்டையும் எழுதிவைத்தாள். அந்தக் கையேடு இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. மார்கரெட் போர்ட் என்பவளின் ஏட்டில் டவ்லாண்டின் கையெழுத்தே காணப்படுவதாக அறிஞர் கண்டுள்ளனர். அவர் அவளுக்குப் பாடம் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் வைத்துப் பழகுவதற்காக எழுதிய ஏடுகள்தாம் இவை. பிற்காலத்தில் லூட் வாசிப்பவர்க்கு அவையே கருவூலமாயின.

அதே 1616ஆம் ஆண்டில் தஞ்சையை இரகுநாத நாயக்கர் ஆண்டுகொண்டிருந்தார். இன்று நாம் காணும் 24 மெட்டு வீணை அவர் காலத்தில் உருப்பெற்றது என்று வழங்குவர். அவர் அவைப் புலவரான இராமபத்ராம்பா என்னும் பெண்மணி வடமொழியில் எழுதிய இரகுநாதாப்யுதயத்தில், அரண்மனை மகளிர் வீணை வாசித்த செய்தி வருகிறது. ஆகப் பாடியவரும் இருந்தனர், மீட்டியவரும் இருந்தனர், எழுதத் தெரிந்தவரும் இருந்தனர். ஆயினும் அவர்கள் வாசித்ததைத் திரும்ப வாசிக்க நம்மிடம் ஒரு கையேடும் இல்லை. குடுமியான்மலையில் பல்லவர் காலத்து எழுத்தில் சுரக் கோவைகளைப் பாறையில் வெட்டியிருக்கிறார்கள். அது அரிய விதிவிலக்கு. நம் நாட்டில் இசை காதிலிருந்து காதுக்குச் சென்றது. எழுதிவைத்தால் உயிர் போய்விடும் என்று நம் முன்னோர் எண்ணினர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ‘பி’ என்னும் எழுத்து விரலின் இடத்தைச் சொல்லும். விரலின் அழுத்தத்தைச் சொல்லாது. ஆனால் காதுவழிச் செல்லும் இசைக்கு ஒரு பேராபத்து உண்டு. ஒரு தலைமுறை கேட்காமல் போனால் சங்கிலி அறுந்துவிடும்.

அறாமல் காத்தவர் ஒருவரைச் சொல்கிறேன். வீணை தனம்மாள் 1867இல் சென்னையில் பிறந்தவர். தஞ்சை அரசவை இசைமரபில் வந்த குடும்பம். மிருதங்கத் துணையின்றி, நகத்தால் மெல்ல மீட்டி வாசிப்பார். இடையிடையே தாமும் பாடுவார். பிற்காலத்தில் கண்பார்வை போயிற்று. விரலுக்கு வழி தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வித்துவான்கள் வாய்திறவாமல் அமர்ந்து கேட்பார்கள். 1938இல் அவர் மறைந்தார். அவர் காத்த பதங்களும் கீர்த்தனைகளும் பெண்மக்கள் வழியாகப் பேத்தியர் பிருந்தா, முக்தா, நடனமணி பாலசரஸ்வதி ஆகியோரை அடைந்தன. அவர் வாசிப்பில் சில துளிகள் இசைத்தட்டில் பதிந்தன. மதுரையில் சண்முகவடிவு வீணை வாசித்தார். அவர் மகளே எம். எஸ். சுப்புலட்சுமி. இக்குலப் பெண்களைச் சமூகம் எவ்வாறு நடத்தியது என்பதை நீங்கள் வரலாற்றில் படிக்கிறீர்கள். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947இல் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது; தடுத்தது நன்று. இசையை அவர்களிடம் கற்றுக்கொண்டு அவர்களைத் தாழ்வாகப் பேசிய வாய்களை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

யாழைத் திரும்பப் பெறும் முயற்சியும் அந்த 1947இல்தான் நூலாக வெளிவந்தது. மட்டக்களப்புப் பகுதியில் காரைதீவில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய விபுலானந்த அடிகள், கணிதமும் அறிவியலும் கற்றவர். பழம்பாட்டுகளில் உள்ள உவமைகளையும் நரம்புத் தொகையையும் கணக்கிட்டு, யாழின் வடிவையும் சுரநிலைகளையும் ஆராய்ந்து யாழ்நூல் எழுதினார். சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அண்மை ஆண்டுகளில் இளைஞர் சிலர் யாழைத் திரும்பச் செய்து வாசிக்கின்றனர். கருவி கிடைத்துவிட்டது. மாதவி வாசித்தது கிடைக்காது. தேவாரப் பண்களோ ஓதுவார் குரலில் இன்றும் ஒலிக்கின்றன. யாழ்முரிப் பதிகத்தை இப்போது அடாணா இராகத்தில் பாடுகிறார்கள். எருக்கத்தம்புலியூர்ப் பெண் தில்லையில் பாடிக் காட்டியதில் எவ்வளவு அதில் எஞ்சியிருக்கிறது என்று அளந்து சொல்ல ஏடு ஏதும் இல்லை.

சென்ற தை மாதம் விருத்தாசலம் போயிருந்தபோது இராஜேந்திரப்பட்டினத்துக்கும் சென்றுவந்தேன். பேருந்தில் திரும்பும்போது அந்த மலைநாட்டு மாணவியின் நினைவே இருந்தது. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஓராண்டு நாள்தோறும் குறியிட்டவன் நான். பெயர் இன்னும் நினைவில் இருக்கிறது. இப்போது அவள் எந்த ஊரில் இருக்கிறாளோ தெரியவில்லை. வானொலி கேட்கும் வழக்கம் அவளுக்கு இருந்தால், கேட்கட்டும். ஆம் அம்மா, வாசித்தார்கள்.